உரலிலிருந்து மீண்ட நேரம் யாருக்கு?
கொல்லிமலையை முன்வைத்து நேர வறுமை பற்றிய ஓர் ஆய்வு

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் பெரும்பகுதி, கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்கு மாறிவிட்டது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு இங்கிருந்து லாரியில் இறங்குகிறது. இந்த மாற்றத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதை இழப்பாகவே பதிவு செய்தார்கள். பாரம்பரிய விதைகள் அருகின, சத்துள்ள உணவு தட்டிலிருந்து நீங்கியது, மலைச்சரிவின் மண் தளர்ந்தது என்று அவர்கள் சொன்னவை எல்லாம் ஆதாரமுள்ளவை. ஆனால் கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் இதே மாற்றத்தைப் பற்றிக் கேட்டபோது வேறொரு பதில் கிடைத்தது: இப்போது வாழ்க்கை சுலபமாகிவிட்டது. 2009இல் வெளிவந்த அவருடைய கட்டுரை அந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டது.

சுலபமாகியது எது? சிறுதானியத்தை உணவாக்கும் உழைப்பு. உரலும் உலக்கையும் முறமும் விழுங்கிய மணிநேரங்கள் குறைந்தன என்பதே அந்தப் பெண்கள் சொன்னதன் சாரம். மீண்ட அந்த நேரம் எங்கே போயிற்று? வீட்டு வேலைச் சுமை ஏன் ஒரு தோள் மேலேயே விழுகிறது? அதைக் குறைக்கும் வழி எது? இந்தக் கேள்விகளுக்குப் பொருளியலும் பெண்ணியமும் அரசுகளும் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகின்றன. அந்த விடைகளை இந்த மலையின் பட்டறிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேரமும் வறுமையே என்ற கருத்து

வீட்டுக்குள் நடப்பது வேலைதானா என்ற விவாதத்துக்கு முதலில் தெளிவான அளவுகோல் தந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் மார்கரெட் ரீட். ஒரு செயலைக் கூலி கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்விக்க முடியுமானால் அது வேலை என்றார் அவர், 1934இல் எழுதிய நூலில். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை பார்ப்பதும் வேலை. உண்பதும் உறங்குவதும் வேலை அல்ல. கேரி பெக்கர் 1965இல் நேரத்தையே ஒரு வளமாகக் கொண்டு, குடும்பம் அதை எப்படிப் பங்கிடுகிறது என்பதற்குக் கோட்பாடு அமைத்தார். கிளேர் விக்கரி 1977இல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழக் குறைந்தபட்சப் பணம் தேவைப்படுவதுபோல் குறைந்தபட்ச நேரமும் தேவை; வறுமைக் கோட்டுக்கு மேல் வருமானம் இருந்தும் அந்த நேரம் இல்லாத குடும்பம் ஏழைக் குடும்பமே என்பது அவருடைய வாதம்.

விக்கரி மனத்தில் வைத்திருந்தது அமெரிக்கக் குடும்பங்களை. அங்கே பணம் இருந்தால் நேரத்தை ஓரளவு வாங்கலாம்: கடையில் உணவு, காப்பகத்தில் குழந்தை. கொல்லிமலையில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் அப்படி வாங்குவதற்கான சந்தை மெலிந்தது. கையில் காசு வந்தாலும் தண்ணீரும் விறகும் ஆள் நடந்து போய்த்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்ற நிலையில், பணமும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்ற கணக்கு உடைந்துவிடுகிறது.

ஆப்பிரிக்க நாட்டுப்புறத்தை ஆராய்ந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். கினி நாட்டுத் தரவுகளைக் கொண்டு எலீனா பர்தாசி, குவென்டின் வோடன் இருவரும் ஒரு கோடு போட்டார்கள். மக்களின் மொத்த வேலை நேரத்தில் நடு அளவு எதுவோ, அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உழைப்பவர் நேர ஏழை. 2010இல் வெளியான கட்டுரையில் அதை இன்னும் கூர்மையாக்கி, நீண்ட நேரம் உழைப்பவர்களுள் அந்த உழைப்பைக் குறைத்தால் பணத்திலும் ஏழையாகிவிடக்கூடியவர்களைத் தனியே பிரித்தார்கள். வேறு வழியின்றி உழைப்பவரையும் விரும்பி உழைப்பவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற அக்கறை இதில் உண்டு. ராபர்ட் குடினும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் எழுதிய நூலின் அடிப்படையும் இதே பிரிப்புத்தான்.

ஆனால் நடு அளவைக் கொண்டு கோடு போடுவதில் ஒரு பெரிய குறை உண்டு. ஊரிலுள்ள எல்லாப் பெண்களும் ஓய்வு ஒழிச்சலின்றி உழைக்கும்போது அவர்களின் நடு அளவும் உயர்ந்துவிடும். அந்த ஊர்ப் பெண்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நேர ஏழை என்று காட்டப் பெரிதாக யாரும் மிஞ்ச மாட்டார்கள். எல்லோர் மேலும் ஒரேபோல் விழுந்த சுமை கணக்கில் தெரியாமல் போவதை நல்ல அளவுகோல் என்று ஏற்க முடியாது.

கணக்கெடுப்புகள்

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் தேவகி ஜெயின். அவரும் மாலினி சந்தும் 1970களின் நடுவில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் நேரப் பயன்பாட்டை நேரில் பதிவு செய்தார்கள். அரசுக் கணக்கில் வேலையில்லாதவர் என்று எழுதப்பட்ட பெண்கள் பலர் நாளெல்லாம் உழைப்பது அதில் வெளிப்பட்டது. 1998 ஜூலை முதல் ஓராண்டு, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 18,591 குடும்பங்களில் அரசே முன்னோடிக் கணக்கெடுப்பு நடத்தியது. அதற்குப் பின்னணியில் நின்று உழைத்த பொருளியலாளர் இந்திரா ஹிர்வே. வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்குமாக ஆண்கள் வாரத்துக்குச் சுமார் 3.6 மணிநேரமும், பெண்கள் 34.6 மணிநேரமும் செலவிட்டது அதில் தெரிந்தது.

நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 2019இல் வந்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டதாகச் சொன்ன பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படி ஈடுபட்டவர்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது முறையே 289, 88 என்று குறைந்தது. பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைந்ததை முன்னேற்றம் என்று கொண்டாடுவதற்குமுன், ஈடுபட்ட ஆண்களின் நேரமும் ஏறக்குறைய அதே அளவு சுருங்கியிருப்பதைப் பார்க்கவேண்டும். குறைந்த வேலை ஆண் கைக்கு மாறியதற்கு இந்த எண்களில் சான்று இல்லை.

இந்தக் கணக்கெடுப்பு முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகக் கேட்டுப் பதிவு செய்கிறது. முதுகில் குழந்தையோடு களை பறிப்பவரின் அரைமணி எந்தக் கணக்கில் சேரும்? உடன் நிகழும் வேலையைக் குறிக்க இடம் இருந்தாலும், கேட்கப்படும் பெண்ணே அதைத் தனி வேலையாக நினைத்துச் சொன்னால்தான் பதிவாகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை வேலை என்று எண்ணிச் சொல்லும் வழக்கம் பரவலாக இல்லை.

பருவம் இன்னொரு சிக்கல். நித்யா ராவும் எஸ். ராஜுவும் மகாராஷ்டிரத்தின் வார்தாவிலும் ஒடிசாவின் கோராபுட்டிலும் செய்த ஆய்வு இங்கே முக்கியமானது. உழவு வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பெண்களுக்குச் சமைக்கவும் உண்ணவும் ஓய்வெடுக்கவும் நேரம் சுருங்குவதையும், அது உடல்நிலையில் எதிரொலிப்பதையும் அவர்கள் காட்டினார்கள். கோராபுட்டும் பழங்குடிகள் வாழும் மலைநாடு என்பதால் கொல்லிமலைக்கு மிக அருகில் வரும் சான்று இதுவே. ஆண்டுச் சராசரி, களையெடுப்பு மாதத்தின் நெருக்கடியை அமுக்கிவிடுகிறது.

நாட்டு வருமானக் கணக்கின் எல்லைக்கோடும் கவனத்துக்குரியது. ஐக்கிய நாடுகள் அவையின் கணக்கு முறைப்படி, சொந்த உபயோகத்துக்குத் தானியம் குத்துவதும் தண்ணீர் சுமப்பதும் விறகு பொறுக்குவதும் உற்பத்தி. அதே தானியத்தை உலையில் போட்டுச் சமைப்பது உற்பத்தி அல்ல. உரலடியில் பொருளாதாரத்துக்கு உள்ளே இருக்கும் பெண், நாலு எட்டு நடந்து அடுப்படிக்கு வந்ததும் வெளியே தள்ளப்படுகிறாள். நடைமுறையில் உரலடி வேலையும் பெரும்பாலும் எண்ணப்படாமலே போகிறது.

உரலும் மரவள்ளியும்

கொல்லிமலை இந்த விவாதத்துக்குத் தரும் பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது. உலக அளவிலான ஆய்வுகளில் இவ்வளவு துலக்கமாகக் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் குறைவு.

சிறுதானியம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வது உழைப்பின் வேறுபாட்டை மறைத்துவிடும். கேழ்வரகுக்கு உமி நீக்கும் வேலை இல்லை; கதிரைத் தட்டி, தூற்றி, அரைத்தால் மாவு. சாமைக்கும் தினைக்கும் பனிவரகுக்கும் அப்படியல்ல. மணி சிறியது, உமி இறுகப் பற்றியிருக்கும். காயவைத்து, உரலிலிட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்கவேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னால் இத்தனை வேலை நின்றது; அது பெண்ணின் வேலையாகவே இருந்தது. வயலில் அறுத்துக் களைத்து வந்தபிறகோ விடியுமுன்போ செய்யவேண்டியதாகவும் இருந்தது.

மரவள்ளி இந்த வேலையை அறவே நீக்கியது. கிழங்கைத் தோண்டி விற்கலாம். பணத்தில் அரிசி வாங்கலாம். தமிழ்நாட்டின் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டம் அரிசியை மலைக்கும் கொண்டுவந்தது. 2011 ஜூன் முதல் அது விலையில்லா அரிசியாயிற்று. அரிசி ஏற்கெனவே குத்தித் தீட்டப்பட்டு வருவது. நியாயவிலைக் கடை தானியத்தோடு சேர்த்து, அதைக் குத்தும் நேரத்தையும் தந்தது. உணவுக் கொள்கை பற்றி எழுதுபவர்கள் அரிசி மானியத்தின் பணமதிப்பைக் கணக்கிடுகிறார்கள். அதற்குள் அடங்கிய பெண்ணுழைப்பின் மதிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்நிலையில் நிற்பவர்களின் வாதமும் வலுவானது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியப் பாதுகாப்புக்காக வேலை செய்து வருகிறது. மரபு ரகங்கள் ஒருமுறை வயலை விட்டுப் போனால் மீட்பது கடினம் என்பது ஒன்று. இரும்பும் நார்ச்சத்தும் மிகுந்த உணவை இழந்து தீட்டிய அரிசியையே நம்புவது உடலைப் பாதிக்கும் என்பது மற்றொன்று. ஃபின்னிஸும் இதை மறுக்கவில்லை. உணவு மாற்றத்தைப் பற்றி அவர் 2007இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கவலை இருக்கிறது. மரவள்ளி விலை ஆலைகளின் கையில் இருப்பதும், சரிவு நிலத்தில் அது மண்ணின் சத்தை உறிஞ்சுவதும் கூடவே வரும் பிரச்சினைகள்.

ஆக, ஒரே பயிர் மாற்றம் மண்ணின் கணக்கில் நட்டமாகவும் பெண்ணின் நேரக் கணக்கில் வரவாகவும் பதிவாகிறது. இதில் எந்தக் கணக்கைப் பெரிதென்று கொள்வது? பாதுகாப்பு, சத்துணவு நோக்கிலான எழுத்துகளில் பெண்ணின் நேரம் நீண்டகாலம் துணைக் குறிப்பாகவே இருந்தது. பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று அழைப்பவர், அதைக் குத்தப் போவது யார் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சாமையை விட்ட குடும்பங்களை அறியாமையில் விட்டவர்களாகக் காட்டும் போக்கு, அந்தப் பெண்கள் தம் உடலில் உணர்ந்து எடுத்த முடிவை மதிக்கத் தவறுகிறது.

அதே வேளையில், பெண்கள் சுலபம் என்று சொன்னதை அளவுக்கு மீறி நீட்டவும் கூடாது. குத்தும் வேலை குறைந்தது என்பது ஒரு கூற்று. மொத்த வேலை குறைந்தது என்பது வேறொன்று. மரவள்ளிக்கும் களை உண்டு. பணப்பயிர் வந்தால் கூலி வேலைக்கும் கடனுக்கும் கடைக்கும் ஓட்டம் கூடும்.

இயந்திரம் என்ற விடை

சாமையையும் காத்து, பெண்ணின் நேரத்தையும் காக்க முடியாதா? இதற்குச் சுவாமிநாதன் நிறுவனம் தந்த விடை இயந்திரம். உமி நீக்கும் பொறியும் மாவரைக்கும் பொறியும் சிற்றூர்களில் நிறுவப்பட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுயஉதவிக் குழுக்களிடம் தரப்பட்டது. பாதுகாப்பு, சாகுபடி, நுகர்வு, வணிகம் என்ற நான்கையும் சங்கிலியாக இணைப்பது அவர்கள் அணுகுமுறை. குழுக்கள் சிறுதானியப் பொருள்களைப் பொதியிட்டு விற்றன. இந்தக் கூட்டு முயற்சியைப் பற்றி குய்யோம் க்ரூயேர், லதா நாகராஜன், ஒலிவர் கிங் மூவரும் 2009இல் எழுதிய ஆய்வு, கைவிடப்பட்ட பயிருக்குச் சந்தை உருவாக்குவதில் இத்தகைய குழுக்களின் பங்கை எடுத்துக்காட்டியது.

இயந்திரத்தின் மீதான நம்பிக்கைக்கு வரலாறு சில எச்சரிக்கைகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரமும் சலவைப் பொறியும் வந்த அரை நூற்றாண்டில், வெளிவேலைக்குப் போகாத பெண்களின் வீட்டு வேலை நேரம் குறையவில்லை என்று ஜோன் வானெக் 1974இல் காட்டினார். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் அதற்குக் காரணம் சொன்னார்: பொறிகள் பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கைக் குறைத்தன, சுத்தத்தின் தரமும் எதிர்பார்ப்பும் உயர்ந்து பெண்ணின் பங்கு நிரம்பியே இருந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தை மதிப்பிடும்போதும் இந்த எச்சரிக்கையை நினைவில் கொள்ளவேண்டும். அம்மியின் வலி போனது மறுக்க முடியாத நன்மை. தினமும் இட்லி தோசை என்ற எதிர்பார்ப்பு கூடியிருந்தால், மீந்த நேரத்தின் ஒரு பகுதி அடுப்படிக்கே திரும்பியிருக்கும்.

ஆனாலும் கோவன் வாதத்தை அப்படியே கொல்லிமலைக்குக் கொண்டுவருவது சரியாகாது. உரல் வேலையில் மலையின் ஆண்களுக்குப் பங்கே இல்லாதபோது, பொறி குறைப்பது நேராகப் பெண்ணின் உழைப்பைத்தான். இங்கே பொறியின் சிக்கல் வேறு. அது எங்கே இருக்கிறது, தலைச்சுமையாக எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், மின்சாரம் எப்போது வரும், பழுதானால் யார் மலை ஏறி வருவார் என்பவையே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன. குழு நடத்துவதற்கும் நேரம் வேண்டும். கூட்டம், கணக்கு, வங்கி, பயிற்சி எல்லாம் பெண்ணின் நாளில்தான் விழுகின்றன. வீட்டு வேலை, வருமான வேலை, ஊர் வேலை என்ற மும்மடிப் பொறுப்பைப் பற்றிக் கரோலின் மோசர் 1989இல் எச்சரித்தது இதைத்தான். மகளிர் குழுக்களை எல்லாத் திட்டங்களுக்கும் கருவியாக்கும் நம் மாநிலத்தில் அந்த எச்சரிக்கை போதிய கவனம் பெறவில்லை.

வீட்டுக்குள் பங்கீடு

வேலை ஏன் சமமாகப் பிரியவில்லை என்பதற்கு மூன்று விதமான விளக்கங்கள் உண்டு. பெக்கர் வழியினர், யார் எதில் திறமை மிக்கவரோ அவர் அதைச் செய்வது குடும்பத்துக்கு லாபம் என்பார்கள். குடும்பத்துக்கு ஒரே விருப்பம், ஒரே பை என்று கொள்ளும் இந்த விளக்கம், திறமை எப்படி வந்தது என்று கேட்பதில்லை. பத்து வயதில் பெண்பிள்ளை கையில் குடமும் ஆண்பிள்ளை கையில் விடுதலையும் தரப்பட்டால், இருபதில் யாருக்கு எது வரும் என்பதில் வியப்பில்லை.

அமர்த்தியா சென் 1990இல் எழுதிய கட்டுரை குடும்பத்தை ஒத்துழைப்பும் முரணும் கலந்த இடமாகப் பார்த்தது. யார் அதிகம் பங்களிப்பதாகக் கருதப்படுகிறாரோ அவருக்கே பங்கும் பேரம்பேசும் வலுவும் கூடுதலாகக் கிடைக்கும் என்றார். பீனா அகர்வால் 1997இல் அதற்கு மேலே போய், நிலவுரிமையும் வீட்டுக்கு வெளியேயான ஆதரவும் சமூக நெறிகளும் பேரத்தை எப்படி முடிவு செய்கின்றன என்று காட்டினார்.

மூன்றாவது, எஸ்தர் போசெரப் 1970இல் வைத்த விளக்கம். பெண்ணுழைப்பில் வேளாண்மை நடக்கும் சமூகங்களில் பெண்ணுக்குப் பொருள் கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் இருப்பதை அவர் சுட்டினார். மலையாளிப் பழங்குடியினரிடையே பரிசம் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் உண்டு. வரதட்சிணை வாட்டும் சமவெளியோடு ஒப்பிட்டு, இங்கே பெண்ணுக்கு மதிப்பு அதிகம் என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. உழைப்புக்கு விலை இருப்பது உழைப்பவளுக்கு ஓய்வு இருப்பதாகாது. உயர்வாக மதிக்கப்படும் உழைப்பே முழுவதும் பிழிந்தெடுக்கப்படவும் கூடும். பரிசத்தைச் சமத்துவத்தின் சான்றாகக் கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.

அரசு தரும் நேரம்

பிரிட்டிஷ் பொருளியலாளர் டயான் எல்சன் தீர்வை மூன்றாக வகுத்தார்: ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிப்பது, குறைப்பது, மறுபங்கீடு செய்வது. முதல் இரண்டிலும் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாயை உதவியாகத் தராமல் உரிமையாகத் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்க்கையில் பங்களிப்பே என்று தீர்ப்பளித்தது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் தாயின் காலை நேரத்தில் ஒரு துண்டைத் திருப்பித் தருகின்றன. விடியுமுன் தோட்டத்துக்குப் போகவேண்டிய மலைத் தாய்க்கு அது பெரிய துண்டு.

மூன்றாவதில்தான் தயக்கம். காலை உணவைப் பள்ளியில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். வேலை வீட்டிலிருந்து அரசுக்கு மாறியது, ஊதியமும் சேர்ந்தது, பெண் கையிலிருந்து ஆண் கைக்கு மாறவில்லை. உரிமைத் தொகை வீட்டு வேலையைப் பெண்ணின் வேலை என்றே மேலும் உறுதிப்படுத்திவிடுமா என்பது, 1970களில் இல்லப்பணிக்கு ஊதியம் கேட்ட இயக்கத்தை நோக்கி எழுந்த அதே ஐயம். பணம் பெண்ணின் பெயரில் வருவது சென் சொன்ன பேர வலுவைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்பும் அதே அளவு நியாயமானது. திட்டம் இளையது, இரண்டில் எது மேலோங்கும் என்று இப்போதே தீர்ப்பெழுத முடியாது.

திறந்திருப்பவை

கொல்லிமலையில் பயிர் மாறியது, அரிசி வந்தது, பொறி வந்தது. இவை ஒவ்வொன்றும் பெண்ணின் வேலையில் ஒரு துண்டைக் குறைத்திருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. வீட்டுக்குள் ஆண்கள் எடுத்துக்கொண்ட வேலை கூடியதால் குறைந்தது என்பதற்கு மேலே பார்த்த ஆய்வுகளில் சான்று இல்லை. மீண்ட நேரம் ஓய்வாயிற்றா, கூலி வேலையாயிற்றா, மகளின் படிப்பாயிற்றா என்பது முதல் கேள்வி. மருமகளின் சுமை மாமியாருக்கோ மூத்த மகளுக்கோ நகர்ந்திருந்தால் அதைக் குறைவென்று சொல்லலாமா என்பது இரண்டாவது. நிலப்பட்டாவில் பெண்ணின் பெயர் ஏறினால் பங்கீடு மாறுமா என்பது மூன்றாவது. மாநில அளவிலான சராசரிகள் எதுவும் இவற்றுக்கு விடை தரா. ஒரு மலை ஒன்றியத்துக்கென்று, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என மூன்று பருவங்களிலும், வீட்டிலுள்ள ஆண், பெண், பிள்ளை அனைவரின் நாளையும் பதியும் கணக்கெடுப்பு வேண்டும்.

2023ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, மலை நிலத்தில் சாமையைத் திரும்பக் கொண்டுவரும் முனைப்பு கூடியிருக்கிறது. அது நல்ல முனைப்பு. அதை வகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை ஏக்கர் என்ற இலக்குக்குப் பக்கத்தில், எத்தனை மணிநேரம், யாருடைய மணிநேரம் என்று இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள். அவற்றை நிரப்புமுன் மலைப் பெண்களிடம் கேளுங்கள்.